கப்பலேறிய முனுசாமி

கேள்வி: என் பாட்டி பிறந்தது 1938இல். அவருடைய தாத்தாவின் அண்ணன் முனுசாமி, தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினாராம். அதன்பின் தகவலே இல்லை. சொந்த ஊர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. குலதெய்வம் கும்பிடத் திருத்தணிப் பக்கம் போவோம். இரண்டு வருடமாக 1876-80 கப்பல் பட்டியல்களில் வேலூர்ப் பக்கத்து ஊர்களாகத் தேடுகிறேன். எத்தனையோ முனுசாமிகள், எங்களவர் யாரென்று தெரியவில்லை. விட்டுவிடலாமா?
- வாசகி, காட்பாடி

பதில்:

விடாதீர்கள் அம்மா. நீங்கள் தேடிய வருஷங்கள்தான் தவறு என்று நினைக்கிறேன்.

பாட்டியின் அப்பா 1905ஐ ஒட்டியும், தாத்தா 1875ஐ ஒட்டியும் பிறந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாது வருஷம் 1876-77. அப்போது அந்த அண்ணன் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பிள்ளையாக இருந்திருப்பார். நம் வீடுகளில் எந்தப் பஞ்சத்தைச் சொன்னாலும் தாது வருஷத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடுவது வழக்கம். பாட்டி பொய் சொல்லவில்லை. பஞ்சம் என்பதை நம்புங்கள், வருஷத்தை மட்டும் தள்ளி வையுங்கள். 1890இலிருந்து, நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்ற 1911 வரை பாருங்கள்.

அடுத்தது ஊர். குலதெய்வம் திருத்தணிப் பக்கம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பிழைப்புக்காக ஊர் மாறிய குடும்பமும் குலதெய்வத்தை மாற்றுவதில்லை. திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டம். ஆனால் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அது வட ஆற்காட்டில் இருந்தது. பிறகு சித்தூரோடு போய், 1960இல்தான் தமிழகத்துக்கு வந்தது. ஆகவே பட்டியலில் ஜில்லா ‘வட ஆற்காடு’ என்றிருக்கும் வரிகளில், இன்றைய சித்தூர்ப் பக்கத்து ஊர்களையும் ஒதுக்காமல் பாருங்கள். ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

இனி பெயர். நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் முனுசாமி என்ற பெயரை மட்டும் வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. முனிசாமி, மூன்சாமி என்று எழுத்தும் மாறும். ஆனால் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. தகப்பன் பெயரைப் பிடியுங்கள். அது தெரியாது என்றால் பாட்டியின் அப்பாவுக்கும் அவர் உடன்பிறந்தவர்களுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். தாத்தா பெயரைத் தலைப்பேரனுக்கு வைப்பது நம் பழக்கம். அவர்களில் மூத்தவர் பெயரே முனுசாமியின் தகப்பன் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் அதையும் பாருங்கள். ஊரில் இல்லாத அண்ணன் பங்கு என்னவாயிற்று என்று ஒரு வரி இருக்கலாம்.

பொருந்துகிற ஒருவர் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். அவருக்கு முன்னும் பின்னும் பத்துப் பதிவுகளைப் படியுங்கள். ஒரே ஊரார் சேர்ந்தே கப்பலேறியதுண்டு. பக்கத்தில் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தால் நம்பிக்கை கூடும். பிறகு அவருடைய பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆளுக்கு அடையாளமே அந்த எண்தான்.

அங்கேயே தங்கியிருந்தால், பிள்ளைகள் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கியிருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் மூன்சாமி என்ற குடும்பப் பெயர் இன்றும் உண்டு. இறந்தவர் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெற்றோர், பிள்ளைகள் பெயர்களும் வரும்.

இதெல்லாம் அடுத்த மாதம் செய்யலாம். பாட்டிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. பட்டியலை மூடி வைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.