கிரியோல் என்றால் மொழியா, ஆளா, குழம்பா?

தம்பி, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிக்கு வேலைக்கு வரப்போகிறேன், 'கிரியோல்' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். எல்லாமே சரிதான். முன்னால் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். 'கோஸ் கிரியோல்' என்றால் கிரியோல் பேசுவது, அது மொழி. 'என் கிரியோல்' என்றால் ஒரு கிரியோல் ஆள். அங்கே 'என்' என்பது 'ஒரு'.

மொழியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸில் எந்த மதத்தவரானாலும் தெருவில் பேசுவது அதுதான். சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, ஆனால் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. மோ தி மான்ஸே, சாப்பிட்டேன். மோ பே மான்ஸே, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மோ பூ மான்ஸே, சாப்பிடுவேன். 'மோ' இருந்த இடத்தில் 'லி' போட்டால் அவன், அவள் இரண்டுக்கும் ஆயிற்று. நம்மவர்கள் தவறுவது வேறு இடத்தில்: 'தோ' என்றால் நீ, 'ஊ' என்றால் நீங்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் 'தோ' கற்றுக்கொண்டு வீட்டுக்காரப் பெரியவரிடம் அதையே சொன்னால் மரியாதைக் குறைவு. சந்தேகமானால் 'ஊ' சொல்லுங்கள்.

ஆளைக் குறிக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களையே அங்கே கிரியோல் என்பார்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர். அடிமைமுறை ஒழிந்தது 1835இல். பிப்ரவரி 1 அதற்கான விடுமுறை. அரசியல் சட்டத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சீனர்களுக்கும் தனிப்பெயர் உண்டு, இவர்களுக்கு இல்லை. வெள்ளையர்களோடு சேர்த்து 'பொது மக்கள்' என்ற ஒரே பட்டியலில் போட்டுவிட்டார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து யாரையும் கிரியோல் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் கிரியோல் மட்டுமே பேசும் தமிழ் வம்சாவளிக்காரரும் தன்னைத் 'தமூல்' என்பார், கிரியோல் என்று சொல்லமாட்டார்.

பக்கத்து ரீயூனியன் தீவில் கதையே வேறு. அங்கே பிறந்து வளர்ந்த எவரும் கிரியோல்தான், வெள்ளையர் உட்பட. மூலச்சொல்லின் பொருளும் அதுவே: போர்த்துகீசில் 'கிரியார்' என்றால் வளர்த்தல். ரீயூனியனில் தமிழ் வழிவந்தவர்களை 'மல்பார்' என்பார்கள், அவர்களும் அப்படியே சொல்லிக்கொள்வார்கள். மொரீஷியஸில் அதே சொல் வட இந்திய வழிவந்த இந்துக்களைக் குத்தும். வாயில் வரவே கூடாது. செஷல்ஸ் போனால் நாடே கிரியோல், மொழியும் ஆட்சிமொழி.

சாப்பாட்டில் 'சோஸ் கிரியோல்' என்றால் ருகாய் என்ற தக்காளிக் குழம்பு. வெங்காயம், இடித்த இஞ்சி பூண்டு, மிளகாய், நிறையத் தக்காளி, கூடவே தைம் என்ற வாசனை இலை. புளி கிடையாது. நம் தக்காளித் தொக்கென்று நினைத்து வாயில் வைத்தால் அந்த தைம் வாசனைதான் முதலில் தெரியும். சந்தையில் 'காரிபூலே' என்று கேளுங்கள், கறிவேப்பிலை எடுத்துத் தருவார்கள். 'ப்ரேத் முரூம்' என்றால் முருங்கைக்கீரை.