சண்டைப் படம் பார்க்கும் பிள்ளை ரவுடியாகிவிடுவானா?

மாட்டான். கடிதத்தின் கடைசி வரியில் தயங்கித் தயங்கி இதைக் கேட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் இந்தப் பயத்தில் கிளைத்ததுதான். ஏழு வயது மகன் சண்டைக் காட்சியில் பார்த்தபடியே தங்கையை எட்டி உதைத்திருக்கிறான். அவள் அழுததும் முகம் வெளிறிப்போய், அவனே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். குற்றவாளியாகப் போகிறவன் என்று அவனுக்கு முத்திரை குத்திய இணையக் கட்டுரை இந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தயவுசெய்து அதை மூடி வையுங்கள்.

பார்த்ததைச் செய்வது பிள்ளைகளின் இயல்பு. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறு குழந்தைகள், பிறகு அந்தப் பொம்மையை அப்படியே அடித்தார்கள், அவர் சொன்ன சொற்களையே சொன்னார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் நடத்திய சோதனை இது. படமாகக் காட்டியபோதும் இதுதான் நடந்தது. 1965-இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனையில், அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். நம் படங்களில் அடிப்பவனுக்கு என்ன கிடைக்கிறது? விசிலும் மாலையும். உதை வாங்கியவனின் வலியை யாரும் காட்டுவதில்லை. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "அவனுக்கு எங்கே வலிக்கும்? அவன் அம்மா என்ன நினைப்பார்?" என்று கேளுங்கள்.

வன்முறை நிறைந்த வீடியோ கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற செயல்களுக்கும் சிறிய தொடர்பு உண்டு. கொடுங்குற்றங்களுக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன்னைவிடச் சிறியவரையோ நாய், பூனையையோ வேண்டுமென்றே நோகடிக்கிறானா? எதிரில் இருப்பது அலறும்போதும் நிறுத்தாமல் தொடர்கிறானா? பிறகு துளியும் வருந்தாமல் திரும்பவும் அதையே செய்கிறானா? அப்படியென்றால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரமே குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இப்படிப்பட்ட பிள்ளை எங்கோ அடிபடுகிறதா, யாராவது அதைத் துன்புறுத்துகிறார்களா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு வரி என்னை நிறுத்தியது: தங்கையை உதைத்ததற்காக அவன் அப்பா பெல்ட்டால் விளாசினார். கோபம் வந்தால் பெரியவர் சிறியவரை அடிக்கலாம் என்று அவன் தன் வீட்டிலேயே, தான் நேசிக்கும் ஒருவரிடம் கற்றுக்கொண்டான். எந்தத் திரைப்படத்தையும்விட இது ஆழமாகப் பதியும். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அடுத்து அந்த சிரப். சளி மருந்து கொடுத்தால் சாந்தமாகத் தூங்குவான் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னாராம், நீங்களும் தினமும் கொடுக்கிறீர்களாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. தூக்கம் தரும் அந்த வகை மருந்து சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பையும் எரிச்சலையும் தரும். இன்றே நிறுத்துங்கள்.

பொம்மைத் துப்பாக்கி, "டிஷ்யூம் டிஷ்யூம்" விளையாட்டு, அரைகுறைச் சாப்பாடு இவற்றுக்கெல்லாம் கவலை வேண்டாம். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். நான் சொன்ன அந்த அறிகுறி தென்பட்டு, யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.