எக்ஸ்ஆர்டி ஒன்றே, ஆக்சைடும் ஒன்றே: வினையூக்கத் திறன் மட்டும் ஏன் மாறுகிறது?

இரண்டு வழிகளில் கோபால்ட் ஆக்சைடு செய்தேன், எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காணும் சோதனை) இரண்டுக்கும் ஒரே மாதிரி வந்தது, ஆனால் ஒன்று மட்டும் கார்பன் மோனாக்சைடைக் குறைந்த வெப்பத்திலேயே ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முனைவர் பட்ட நாட்களில் இதே குழப்பத்தில் நானும் பல வாரம் தவித்திருக்கிறேன்.

எக்ஸ்ஆர்டி காட்டுவது துகளின் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை. வாயு அங்கே போவதே இல்லை. அது தொடுவது வெளியே தெரியும் அணுக்களை மட்டும்தான். ஒரு படிகத்தை எந்தத் திசையில் வெட்டுகிறோமோ, அதற்கேற்ப வெளியே வரும் அணுக்களும் மாறும். அப்படி வெளியே தெரியும் பரப்பைத்தான் முகம் என்கிறோம்; (110), (111) போன்ற எண்கள் அதன் திசையைக் குறிக்கும் பெயர்கள். உங்கள் கோபால்ட் ஆக்சைடில் இரண்டு மின்னேற்றம் கொண்ட கோபால்ட்டும் உண்டு, மூன்று கொண்டதும் உண்டு. கார்பன் மோனாக்சைடு போய் ஒட்டுவதற்கு ஏற்றது பின்னது. அது (110) முகத்தில் நிறைய வெளியே தெரிகிறது; (001), (111) முகங்களில் பெரும்பாலும் தெரிவதில்லை. 2009இல் சீனாவின் டாலியன் நகர ஆய்வாளர்கள் (110) முகம் அதிகமாக உள்ள நானோகுச்சிகளைச் செய்து, மைனஸ் 77 டிகிரி செல்சியஸிலேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார்கள். தங்கமோ பிளாட்டினமோ இல்லாமல்! அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

நான் வேலை செய்தது சீரியம் ஆக்சைடில். அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஆட்டோகிளேவை (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) 100 டிகிரியில் வைத்தால் குச்சிகள் வரும். 180 டிகிரியில் வைத்தால் கனசதுரங்கள் வரும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே வெளிர்மஞ்சள் தூள்தான். வினைக்கலத்தில் போட்டால் குச்சிகள் வெகு முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிடும்.

காரணம் ஆக்சிஜன். இந்த வகை ஆக்சைடுகளில் வாயு பெரும்பாலும் காற்றிலிருந்து நேராக ஆக்சிஜனை எடுப்பதில்லை. ஆக்சைடு தன் மேற்பரப்பு ஆக்சிஜனைக் கொடுக்கும், அங்கே ஒரு காலியிடம் உண்டாகும், காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து அதை நிரப்பும். வனேடியம் ஆக்சைடை வைத்து மார்ஸ், வான் கிரெவெலன் என்ற இருவர் 1954இல் முன்வைத்த வழிமுறை இது. சீரியாவின், அதாவது சீரியம் ஆக்சைடின், (111) முகம் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும்; குச்சிகளில் காணப்படும் (110) சுலபமாக விட்டுவிடும்; கனசதுரங்களின் (100) இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் எல்லாப் பெருமையையும் முகத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். நல்ல நுண்ணோக்கியில் பார்த்தால் குச்சிகளின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, குறைபாடுகள் நிறைந்து இருக்கும்; சில இடங்களில் (111) முகமே தலைகாட்டும். என் கருத்தில், குச்சிகளின் வேகத்துக்கு இந்தக் குறைபாடுகளின் பங்கும் பெரிது.

சரி, உங்கள் மாதிரிகளுக்கு வருவோம். முதலில் வினைவேகத்தைப் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிராமுக்கு என்று ஒப்பிட்டால் பரப்பு அதிகமுள்ளதுதான் ஜெயிக்கும், முகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்புறம் வாயுவை நன்றாக உலர்த்துங்கள். ஈரம் வந்து அமர்ந்தால் கோபால்ட் ஆக்சைடு குறைந்த வெப்பத்தில் படுத்துவிடும். மாங்கனீசு, செம்பு ஆக்சைடுகள் கலந்த ஹோப்கலைட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் அதைப் பயன்படுத்தும் வாயு முகமூடிகளில் ஈரமுறிஞ்சியும் சேர்த்து வைக்கிறார்கள். வினை முடிந்த தூளையும் மறக்காமல் டிஇஎம்மில் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) பாருங்கள். சூட்டில் குச்சிகள் உருண்டு போயிருந்தால், நீங்கள் அளந்தது குச்சியின் திறனே அல்ல.