எதிர்க்காற்றில் பாய்மரக் கப்பல் முன்னேறுவது எப்படி?
காற்று வரும் திசையை நோக்கிப் பாய்மரக் கப்பல் எப்படிச் செல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகச் செல்வதில்லை. சிறுவயது முதல் இக்கப்பல்கள் மீது பித்துக்கொண்டவன் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். சாய்வாக இழுத்துக் கட்டிய பாய் உப்பி வளையும்போது, அதன் இரு பக்கங்களிலும் காற்றழுத்தம் வேறுபட்டு, விமான இறக்கையில் நிகழ்வதைப் போலவே, கப்பலைப் பக்கவாட்டிலும் ஓரளவு முன்னோக்கியும் இழுக்கும் விசை பிறக்கிறது. பக்கவாட்டு நகர்வை கப்பலின் அடியில் நீளவாக்கில் நீருக்குள் இருக்கும் அடிக்கட்டை பெருமளவு தடுத்துவிடும். இன்றைய பாய்ப்படகுகள் காற்றுக்குச் சுமார் 45 பாகை வரை நெருங்கும்; 1869இல் நீரில் இறக்கப்பட்ட ‘கட்டி சார்க்’ (Cutty Sark) என்ற கப்பலைப் போன்ற சதுரப்பாய்க் கப்பல்களோ 60 பாகைக்கு மேல் விலகியே ஓடின. ஆகவே இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். மறுபக்கம் காற்று நிரம்பியதும் கயிறுகள் விறைக்க, கப்பல் சாய்ந்து மீண்டும் வேகம் பிடிக்கும்.