பிளஸ் டூ முடித்ததும் சினிமா படிக்கலாமா? விஸ்காம் போதுமா?
பிளஸ் டூ முடித்ததும் சினிமாவையே பட்டப்படிப்பாகப் படிக்க முடியுமா, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன் என்ற காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு எல்லாம் 4 ஆண்டுப் பட்டப்படிப்புகள். சேரும்போதே ஒரு துறையைத் தேர்ந்தாக வேண்டும். 17 வயதில் அது லேசான முடிவல்ல.

விஸ்காம் வேறு ரகம். போட்டோகிராபி, விளம்பரம், இதழியல், குறும்படம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கேமராவா எடிட்டிங்கா என்றே தெரியாதவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சேருமுன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மாணவர்கள் எடுத்த குறும்படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புனே திரைப்பட நிறுவனத்தின் 3 ஆண்டு இயக்குநர் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். அதற்கு விஸ்காம்தான் என்றில்லை, பி.காம். கூடப் போதும்.