கணினிச் செய்திகளில் தடம் மாறும் விளக்கங்கள்: காரைக்குடி வாசகர் வட்டத்தின் கேள்வி பதில்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிற எங்கள் வாசகர் வட்டத்தினர், தாம் படித்த கணினிச் செய்திகளைப் பற்றியும் அவற்றையொட்டி நடந்த விவாதங்களைப் பற்றியும் எழுதி அனுப்பிய கேள்விகள் இவை. இத்தகைய செய்திகளில் நிகழ்ச்சி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. பழுது யாருடைய பொருளில் ஏற்பட்டது, எதை அளந்தார்கள், எது இன்னும் நடக்கவில்லை என்ற இடங்களில்தான் விவாதம் தடம் மாறுகிறது. பதில்களில் அந்த இடங்களையே முதலில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தேவகோட்டை, பயண முகவர்): 2024 ஜூலையில் விமான நிலையங்களில் கணினிகள் நீலத் திரையோடு நின்றன; போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாப்ட் சர்வர் விழுந்துவிட்டது என்று சிலரும், யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று சிலரும் இன்றும் சொல்கிறார்கள். எது சரி ஐயா?

பதில்: இரண்டுமே சரியல்ல. 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறிய தரவுக் கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல்பகுதிக்கு 20 உள்ளீடுகள்தாம் கிடைத்தன. புதிய கோப்போ 21ஆவது உள்ளீட்டையும் பார்க்கச் சொன்னது. இல்லாத அந்த இடத்தை நிரல் படிக்கப் போனதும் கணினி முழுவதும் நின்றுபோனது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றாலும், அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அவை விமான நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்த கணினிகள் என்பதால் உலகமே நின்றது போலத் தோன்றியது.

ஒரு கோப்பு ஏன் மொத்தக் கணினியையும் நிறுத்த வேண்டும் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. சாதாரணச் செயலிகள் நம் ஊர் வீடுகளில் முகப்புத் திண்ணையில் அமர்ந்து பேசிவிட்டுப் போகும் விருந்தினர்களைப் போன்றவை. பாதுகாப்பு மென்பொருளோ பெட்டகச் சாவியும் கையில் கொடுத்து உள்கட்டு வரை அனுமதிக்கப்பட்ட காவலாளி. கெர்னல் எனப்படும் அந்த உள்கட்டில் தவறு நேர்ந்தால், தரவு மேலும் கெட்டுவிடாதிருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். நீலத் திரையின் பொருள் அதுதான். கணினி மீண்டும் தொடங்கும்போதெல்லாம் அதே கோப்பு மறுபடியும் படிக்கப்பட்டதால், பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியின் முன்பாகவும் சென்று, பாதுகாப்பு முறையில் இயக்கி, கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

மைக்ரோசாப்ட் சர்வர் விழுந்தது என்ற எண்ணத்துக்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய நாள், அமெரிக்காவின் மத்தியப் பகுதியிலுள்ள, மைக்ரோசாப்டின் இணையவழிக் கணினிச் சேவையான அஸூரின் மையங்களில் வேறொரு கோளாறு ஏற்பட்டிருந்தது. தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகளைச் செய்திகள் ஒன்றாக்கிவிட்டன. "லினக்ஸ் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், ஆகவே லினக்ஸ் மேல்" என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. அந்தக் கோப்பு விண்டோஸுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் லினக்ஸ் கணினிகள் சிலவும் அந்நிறுவன மென்பொருளால் முடங்கியதுண்டு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் மிகப் பழைய விண்டோஸ் 3.1 பயன்படுத்தியதால் தப்பியது என்ற செய்தியும் ஒரு சமூக வலைத்தளப் பதிவிலிருந்து ஆதாரமில்லாமல் பரவியதே.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலைக் கணக்கர்): 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன், கணினி 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 1 டெராபைட் என்பதை 1,00,000 கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் ஒரு ஜிபியை 107,37,41,824 பைட்டுகளாகக் கணக்கிடுகிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். ஒரு பைட்டும் குறையவில்லை.

கேள்வி (காரைக்குடி, அரசு பொறியியல் கல்லூரி மாணவி): 2025 செப்டம்பரில் விக்ரம் சிப் பற்றிய செய்தி வந்தபோது, உலகம் 3 நானோமீட்டரில் இருக்கும்போது நாம் 180 நானோமீட்டரில் இருக்கிறோம் என்று பலர் இகழ்ந்து எழுதினார்கள். வேறு சிலர் இனி நம் கைபேசிகளில் நம் சிப்தான் என்று கொண்டாடினார்கள். நான் எதை நம்புவது?

பதில்: நல்ல கேள்வி அம்மா. இரண்டு தரப்பும் அந்தச் சிப் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கவில்லை.

விக்ரம் 3201 என்பது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்து, மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் தயாரான 32 பிட் நுண்செயலி. ராக்கெட்டை வழிநடத்துவதும் கட்டுப்படுத்துவதும் அதன் வேலை. அதற்கு முன்னோடியான 16 பிட் விக்ரம் 1601, 2009 முதல் இஸ்ரோவின் ராக்கெட்டுகளில் பயன்பட்டு வருகிறது. புதிய சிப் 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி60 பயணத்தில் சோதிக்கப்பட்டது. உறைநிலைக்குக் கீழே 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் தவறின்றி ஓட வேண்டும் என்பது அதற்கு வைக்கப்பட்ட நிபந்தனை. ஒரு ராக்கெட் ஏறும் சில நிமிடங்களில் கணக்கு ஒருமுறைகூடத் தவறக்கூடாது. ஆனால் அந்தக் கணக்குகளின் அளவு, ஒரு கைபேசி விளையாட்டுக்குத் தேவைப்படுவதைவிட மிகக் குறைவு.

இந்த வேலைக்குப் பழைய 180 நானோமீட்டர் முறை பொருந்துவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அதில் டிரான்சிஸ்டர்கள் எனப்படும் நுண்ணிய மின்விசைகள் அளவில் பெரியவை; அவற்றில் கூடுதல் மின்னூட்டம் தேங்கியிருக்கும். ஆகவே விண்வெளித் துகள் ஒன்று மோதினாலும் 0 என்பது 1 ஆக எளிதில் மாறிவிடாது. இரண்டாவதாக, அந்தத் தயாரிப்பு முறையின் குணங்கள் அனைத்தும் பல்லாண்டுகளாக அளந்து பதியப்பட்டவை. வேறெந்த நாடும் விற்க மறுத்தாலும் நாமே செய்துகொள்ளலாம் என்பது மூன்றாவது காரணம். என் பார்வையில் அதுவே முதன்மையானது. செவ்வாயில் 2012இல் இறங்கிய நாசாவின் க்யூரியாசிட்டி ஊர்தியும் 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் ஆர்.ஏ.டி. 750 என்ற செயலியில்தான் ஓடுகின்றன. அதன் உச்ச வேகம் 200 மெகாஹெர்ட்ஸ்; அதுவும் 150 முதல் 250 நானோமீட்டர் வகையைச் சேர்ந்தது. நாசாவை யாரும் அதற்காக இகழவில்லை.

"3 நானோமீட்டர்" என்ற எண்ணையும் சற்றுக் கவனியுங்கள். முற்காலத்தில் இந்த எண் டிரான்சிஸ்டரின் ஒரு பாகத்தை அளந்து சொல்லப்பட்டது. இப்போது அது ஒரு தலைமுறையின் பெயர் மட்டுமே. 3 நானோமீட்டர் என்று விற்கப்படும் சிப்பில் கம்பிகளுக்கிடையேயான தொலைவே இருபது நானோமீட்டருக்கும் மேல். 180ஐ 3ஆல் வகுத்து அறுபது மடங்கு பின்தங்கிவிட்டோம் என்று எழுதியவர்கள், ஓர் அளவையும் ஒரு விற்பனைப் பெயரையும் வகுத்திருக்கிறார்கள்.

கொண்டாடியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சிப்பிலிருந்து கைபேசிச் சிப்புக்கு நேர்வழி கிடையாது. தயாரிப்புச் சாலை, கருவிகள், முதலீடு எல்லாமே வேறு. தாய்வானின் சிப் தயாரிப்பு நிறுவனமான பி.எஸ்.எம்.சி.யின் துணையோடு டாடா நிறுவனம் குஜராத்தின் தோலேராவில் அமைத்துவரும் ஆலைகூட 28 நானோமீட்டரிலிருந்து தொடங்கும் வகைகளுக்கானது. கார்களுக்கும் மின்சாதனங்களுக்கும் பெருமளவில் தேவைப்படுபவை அவையே.

கேள்வி (காரைக்குடி, கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்பவர்): 1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன, கூகுளும் ஆப்பிளும் ஃபேஸ்புக்கும் உடைக்கப்பட்டன என்று 2025 ஜூனில் படித்தேன். அந்தக் கணக்குகளை மூடிவிட வேண்டுமா?

பதில்: மூட வேண்டாம் ஆச்சி. அந்நிறுவனங்களின் சர்வர்கள் எதுவும் அப்போது உடைக்கப்படவில்லை. தனிப்பட்டவர்களின் கணினிகளுக்குள் புகுந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் தீய மென்பொருள்கள் பலகாலமாகச் சேர்த்தவற்றை யாரோ பாதுகாப்பின்றி வைத்திருந்தார்கள். 30 தொகுப்புகளில் கிடந்த அவற்றை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரே பாஸ்வேர்டு பல தொகுப்புகளில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கும். கூகுள் என்ற பெயர் வந்ததற்குக் காரணம், திருடப்பட்ட வரிகளில் கூகுள் உள்நுழைவு முகவரியும் இருந்ததுதான்.

இந்த வேறுபாடு உங்களுக்கு நடைமுறையில் முக்கியமானது. சர்வர் உடைந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் போதும். திருடன் உங்கள் கணினியிலேயே இருந்தால், மாற்றிய பாஸ்வேர்டும் அவனிடமே போய்ச்சேரும். ஆகவே திருட்டு நகல் மென்பொருள் எதுவும் ஏற்றியிருந்தால் முதலில் கணினியைத் துப்புரவு செய்யுங்கள். அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான், பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர்): எங்கள் விடுதியின் பெயரில் ஒரு போலித் தளம் முன்பணம் வாங்கியிருக்கிறது. ஏமாந்தவர், பூட்டுக் குறி இருந்ததே என்கிறார்.

பதில்: பூட்டுக் குறி, வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதற்கு அது சான்றாகாது. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இந்தச் சான்றிதழை எவருக்கும் இலவசமாகத் தருகின்றன. இணையம் பாதுகாப்பானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு, ஆனால் மோசடிக்காரரும் அதைப் பெறலாம். இந்தத் தவறான எண்ணம் பரவியிருந்ததாலேயே குரோம் பிரவுசர் 2023இல் பூட்டுக் குறியை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. முகவரியின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதும், முன்பணத்துக்கு முன் விடுதிக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவதுமே வழி. ஏமாந்தவரை 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யச் சொல்லுங்கள். தாமதமானால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

கேள்வி (கோட்டையூர், ஓய்வு பெற்றவர்): இரவு முழுவதும் சார்ஜில் போட்டால் பேட்டரி வீங்கும் என்கிறார்கள், முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

பதில்: இரண்டாவது அறிவுரை, பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்டது. லித்தியம் அயனி பேட்டரியை அடிக்கடி முழுவதும் தீரவிடுவதுதான் கெடுதல். முதல் அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் சுற்று கைபேசிக்குள்ளேயே உண்டு. எனினும் 100 சதவீதத்தில் நெடுநேரம் நிற்பதும், அதைவிடச் சூடும், பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் பயன்படுத்துங்கள். மின்வேதியியல் ஆய்வுக்கென்றே 1953 முதல் சிக்ரி ஆய்வகம் இயங்கிவரும் ஊர்ப்பக்கத்தில் இந்தப் பழைய அறிவுரை இன்னும் நிலைத்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி (பள்ளத்தூர், ஆசிரியர்): கூகுளின் குவாண்டம் கணினி வங்கிகளின் பூட்டுகளை உடைத்துவிடும் என்று மாணவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கூகுளின் வில்லோ சிப்பில், குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான க்யூபிட்டுகள் 105 உள்ளன. ஐந்து நிமிடங்களுக்குள் அது முடித்ததாகச் சொல்லப்பட்ட கணக்கு, குவாண்டம் கணினியைச் சோதிப்பதற்கென்றே வகுக்கப்பட்ட ஒரு கணக்கு. அதற்கும் பூட்டு உடைப்பதற்கும் தொடர்பில்லை. க்யூபிட்டுகளைக் கூட்டும்போது பிழை குறைந்தது என்பதே அந்த ஆய்வின் உண்மையான சாதனை. இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்கப் பூட்டைக் குவாண்டம் கணினியால் உடைக்கும் வழியை 1994இலேயே பீட்டர் ஷோர் வகுத்துவிட்டார். அதை நடத்தப் பல லட்சம் க்யூபிட்டுகள் தேவை என்பது 2025இல் வெளியான ஒரு கணிப்பு. குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வகுக்கப்பட்ட மாற்றுப் பூட்டுகளுக்கான முதல் மூன்று தரங்களை, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. அஞ்ச வேண்டியது, இன்றைய மறையாக்கத் தரவைச் சேமித்துவைத்துப் பிற்காலத்தில் திறப்பவர்களைத்தான்.

கேள்வி (இளையாத்தங்குடி, நகரக் கோயில்களைப் பற்றி எழுதுபவர்): நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களின் பட்டியலைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். ஒருமுறை குன்றக்குடியைச் சேர்த்தது, மறுமுறை இரணியூரை விட்டது. அதன் தரவுத்தளத்தில் பிழையா? திருத்திச் சொன்னேன், ஏற்றுக்கொண்டது. இனி எல்லோருக்கும் சரியாகச் சொல்லுமா?

பதில்: அதற்குள் அட்டவணையாகத் தரவுத்தளம் எதுவும் இல்லை. ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பெற்ற எண்களைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்துண்டு எது என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து எழுதுகிறது. அந்தத் தேர்வில் சற்றுத் தற்செயலும் கலந்திருப்பதால் விடை மாறுகிறது. அதிகம் எழுதப்பட்ட செய்திகளில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். தமிழில் சிறிதளவே எழுதப்பட்ட நம் ஊர்ச் செய்திகளில் பக்கத்து ஊர்ப் பெயர் எளிதில் நுழைந்துவிடும். இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி இருந்தால், எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்பதைத் திறந்து படித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன திருத்தம் அந்த உரையாடலில் எழுதப்பட்டிருப்பதால்தான் ஏற்றுக்கொண்டது போல் பதில் வந்தது. உள்ளே இருக்கும் எண்கள் மாறவில்லை. சில சேவைகள் உங்களுக்கு மட்டும் குறிப்பு வைத்துக்கொள்ளும். சில, உரையாடல்களைப் பிற்காலப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். எப்படியாயினும், நாளை வேறொருவர் கேட்டால் அதே பிழை வரக்கூடும். ஆகவே இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்ற பட்டியலை நீங்கள் எழுதும் கட்டுரையில் ஆதாரத்தோடு பொதுவெளியில் வெளியிடுங்கள். அடுத்த முறை பயிற்சி நடக்கும்போது படிப்பதற்குச் சரியான எழுத்து ஒன்றாவது அங்கே இருக்கும்.