பத்தொன்பது நாள் குறைகிறது, எல்கேஜியில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆகஸ்ட் 19-இல்தான் மூன்று வயது முடிகிறது. நிறைமாதப் பிரசவம். ஏபிசிடி முழுக்கச் சொல்வாள், ஐம்பது வரை எண்ணுவாள். பள்ளியில் ஜூலை 31-க்குள் மூன்று முடிய வேண்டும் என்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் தேதியை மாற்றித் தர ஓர் ஆள் இருக்கிறாராம். ஒரு வருடம் வீணாகப் போகிறதே என்று கவலையாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த ஆளை விடுங்கள். பிரசவத்துக்கு முன்பே உங்களுக்கு பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) போட்டிருப்பார்கள். பிறந்த தேதி அந்தப் பதிவிலும் இருக்கிறது, தடுப்பூசி அட்டையிலும் இருக்கிறது, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருக்கிறது. புரோக்கர் இவற்றில் எதை மாற்றுவார்? உங்கள் கைக்கு வருவது போலித்தாள். இன்று பள்ளி அதை வாங்கிக்கொள்ளும். ஆதாரில் ஒரு தேதி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு தேதி என்று பாஸ்போர்ட்டுக்குப் போய் நிற்கும்போதுதான் வினை தெரியும். பத்தொன்பது நாளுக்காக இருபது வருடம் அலையவேண்டுமா?

சரி, குழந்தை தயாரா? ஏபிசிடியை வைத்துச் சொல்ல முடியாது, அது பாட்டு மாதிரி மனப்பாடம். நான் கேட்பது வேறு. ஒண்ணுக்கு வருவதை வெளியாளிடம் சொல்வாளா? பேண்ட்டைத் தானே இறக்கிக்கொள்வாளா? டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டு வீடு வரும்வரை அடக்கிவைத்து, மலச்சிக்கலோடும் சிறுநீர்த் தொற்றோடும் என்னிடம் வரும் எல்கேஜி பிள்ளைகள் ஏராளம். “உள்ளே போய் டம்ளரை எடுத்து தாத்தாவிடம் கொடு” என்றால் இரண்டையும் செய்வாளா? பக்கத்து வீட்டில் ஒரு மணி நேரம் நீங்கள் இல்லாமல் இருப்பாளா? அவள் பேச்சு அங்கே பெரும்பாலும் புரிகிறதா? பேச்சே வரவில்லை என்றால் பள்ளியைப் பற்றி யோசிக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதே மாதிரி போடச் சொல்லுங்கள். வட்டம் மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நாலில், முக்கோணம் ஐந்தில். முக்கோணம் வராத கைக்குத்தான் நம் பள்ளிகள் நால்வரி நோட்டைக் கொடுக்கின்றன! சேர்க்கையில் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அதற்கென்ன, ‘இன்டராக்‌ஷன்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்க்காதைத் தொடச் சொன்ன அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் எவ்வளவோ தேவலை.

பிறந்த தேதியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதற்கு விலக்கு ஒன்று உண்டு: குறைமாதக் குழந்தைகள். ஜூன் கடைசியில், எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை என்று வையுங்கள். பிறந்திருக்க வேண்டியது ஆகஸ்ட் கடைசியில். சான்றிதழ்படி இந்த வருடம் எல்கேஜி, வயிற்றுக் கணக்குப்படி அடுத்த வருடம். இரண்டு வயது வரை இவர்களின் வளர்ச்சியை மருத்துவர்கள் நாங்கள், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் கணக்கிடுவோம், அப்புறம் விட்டுவிடுவோம். ஆனால் அவசரப்பட்டுப் பிறந்ததாலேயே எல்லைத் தேதிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட குழந்தையை, வயதாகிவிட்டது என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு வருடம் பொறுக்கலாம். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இது உங்களுக்குப் பொருந்தாது, படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

உங்கள் மகள் அடுத்த ஜூனில் சேரட்டும். அப்போது அவளுக்கு மூன்றே முக்கால் வயது, வகுப்பில் மூத்தவர்களில் ஒருத்தியாக இருப்பாள். அதுவரை பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. முதல் வாரம் நீங்களும் கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். பட்டன் வைத்த பேண்ட் வேண்டாம், எலாஸ்டிக் போதும்.